பயனிலை இல்லாத நோட்டீஸ்

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் அரையாண்டு விடைத்தாள்களைத் திருத்தி முடித்தபோது ஜான்சிக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. பிள்ளைகளுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. வாக்கியத்தை முடிக்கத்தான் தெரியவில்லை. 'மழை பெய்து ஏரி நிரம்பியதால்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்திருந்தாள் ஒருத்தி. நிரம்பியதால் என்ன ஆயிற்று என்பது அடுத்த வரியிலும் இல்லை. 'நம் நாட்டின் முதுகெலும்பாகிய விவசாயிகள்' என்று இன்னொருவன் நிறுத்தியிருந்தான். அந்த விவசாயிகள் ஒன்றுமே செய்யாமல் அந்தரத்தில் நின்றார்கள்.

பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டியிருந்த அந்தத் தனியார் பள்ளியில் ஜான்சி தமிழாசிரியையாகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எழுவாய், பயனிலை என்று போர்டில் எழுதிப்போட்டால் பின்வரிசை கொட்டாவி விடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வேறு ஒரு வழி பார்த்தாள். வீட்டுக்கு வரும் நோட்டீஸ் ஏதாவது ஒன்றை எடுத்து வரச் சொன்னாள். அது நம்மை எதை நம்பச் சொல்கிறது, எப்படி நம்பவைக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதில் பயனிலை இல்லாமல் நிற்கும் வரிகளை முழு வாக்கியமாக முடித்து எழுத வேண்டும்.

மறுநாள் வகுப்பில் ஒரே காகிதக் குவியல். பரணி ஒரு மனை விற்பனை நோட்டீஸைத் தூக்கிப் பிடித்தான். 'தாம்பரத்திலிருந்து பத்தே நிமிடத்தில்' என்று அதில் போட்டிருந்தது. பத்து நிமிடத்தில் யார், எதில் போகிறார்கள் என்று அவன் கேட்டான். சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆம்புலன்ஸாலேயே முடியாதே என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. எழுவாயும் பயனிலையும் போட்டு எழுதினால் மாட்டிக்கொள்வார்கள், அதனால்தான் பாதியில் விடுகிறார்கள் என்று பரணியே முடிவும் சொன்னான். இத்தனை வருடத்தில் ஓர் இலக்கண வகுப்பு இப்படி நடந்ததே இல்லை என்று ஜான்சிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அப்போது நிஷா எழுந்தாள். கோவளம் மீனவர் குப்பத்துப் பெண். அம்மா முத்தாலம்மாள் பெருங்களத்தூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். தினமும் பஸ்ஸில் அலைய முடியாமல் போன வருடம் இந்தப் பக்கமே வீடு பார்த்து வந்துவிட்டார்கள். நிஷா நாலாக மடித்த ஒரு மஞ்சள் காகிதத்தைப் பிரித்தாள். தூரத்திலிருந்தே ஜான்சிக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. இதே பள்ளியின் அட்மிஷன் நோட்டீஸ்.

அதை எழுதியவளே ஜான்சிதான். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தமிழ் நன்றாக எழுதுகிறாள் என்று தாளாளர் வேதாசலம் அந்தப் பொறுப்பைக் கொடுத்திருந்தார். வினைச்சொற்களை எல்லாம் வெட்டி, நறுக்கென்று எழுதிக் கொடுத்தாள். அன்றைக்குப் பள்ளிக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த காலி மனை ஒன்று மைதானமாக இருந்தது. மறு வருடமே அதன் சொந்தக்காரர் வேலி போட்டு அடுக்குமாடி கட்டத் தொடங்கிவிட்டார். நோட்டீஸை மறுபடி அச்சடிக்கும்போது ஏதாவது மாற்ற வேண்டுமா என்று வேதாசலம் கேட்டார். வேண்டாம் சார், அப்படியே இருக்கட்டும் என்றவள் ஜான்சி.

நிஷா வாசித்தாள். "விசாலமான விளையாட்டு மைதானம். நவீன நூலகம். அனுபவமிக்க ஆசிரியர்கள்." நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "எதுலயுமே பயனிலை இல்ல மிஸ்."

ஜான்சி, சரி, அது எப்படி நம்பவைக்கிறது என்று தான் கொடுத்த பயிற்சியின்படியே கேட்டாள்.

"எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாது மிஸ். நான்தான் படிச்சுக் காமிச்சேன். மைதானம் கீதாடின்னு கேட்டாங்க. கீதும்மா, போட்டுகீறாங்கன்னு சொன்னேன். நேத்து வூட்ல மறுபடி எடுத்துப் பார்த்தா, இதுல இருக்குன்னு எங்கயுமே இல்ல. அந்த 'கீது' நானா சேர்த்தது மிஸ்."

பழைய பள்ளியில் அவள் கோ-கோ அணியில் இருந்தவள் என்று பக்கத்தில் இருந்த பெண் மெதுவாகச் சொன்னாள். நிஷாவின் முகத்தில் கோபம் இல்லை. கொடுத்த பயிற்சியைச் சரியாகச் செய்த திருப்திதான் இருந்தது. அதைப் பார்க்கத்தான் ஜான்சியால் முடியவில்லை. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. எதையாவது பேசி ஓட்டிவிடலாம். ஆனால் நாற்பது முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"அந்த நோட்டீஸை எழுதினது நான்தான்" என்றாள். "மைதானம் போனது தெரிஞ்சும் அந்த வரியை விட்டுட்டேன். தப்பு என்னோடது."

நிஷா காகிதத்தை மறுபடி நாலாக மடித்து உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் ஜான்சி மார்க்கெட்டுக்குப் போனாள். முத்தாலம்மாள் ஒரு சங்கரா மீனின் செதிலை எடுத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் வந்து நிற்பதைப் பார்த்ததும், பெண் ஏதோ வம்பு செய்துவிட்டாள் என்று பயந்து எழுந்தாள். ஜான்சி நடந்ததைச் சொன்னாள். மன்னித்துக்கொள்ளும்படி கேட்டாள். முத்தாலம்மாள் கத்தியைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க எழ்தினீங்கோ, அவ படிச்சா, நான் நம்பினேன். சரி வுடுங்க. இப்ப இன்னா பண்ணப் போறீங்கோ?"

ஜான்சி ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடக்கும்போது அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

மறுநாள் அதே நோட்டீஸை வகுப்பிலேயே கொடுத்து, எல்லா வரிகளையும் முடித்து எழுதச் சொன்னாள். உள்ளதை மட்டும் எழுத வேண்டும் என்பதுதான் ஒரே நிபந்தனை. பிள்ளைகள் எழுதியதைத் தொகுத்து எடுத்துக்கொண்டு வேதாசலத்தின் அறைக்குப் போனாள்.

வேதாசலம் கெட்டவர் இல்லை. காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து கேட்டைத் திறப்பவர். ஆனால் அக்கம்பக்கத்தில் பெரிய பள்ளிகள் வந்துகொண்டே இருந்ததில் அவருக்குக் கலக்கம்.

"நோட்டீஸை யார் டீச்சர் முழுசா படிக்கிறாங்க? ரெண்டு செகண்ட் பார்ப்பாங்க, அவ்ளோதான்" என்றார்.

"அந்த ரெண்டு செகண்ட்ல மீதியை அவங்களே முடிச்சுக்கிறாங்க சார். நமக்குச் சாதகமா முடிச்சுக்கிறாங்க. அதான் தப்பு."

அவர் தாளை வாங்கினார். 'நூலகத்தில் ஒரு பீரோ நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மட்டும் திறப்பார்கள்' என்று இருந்தது. லேசாக முகம் சுளித்தார். 'எங்கள் கணக்கு சார் புரியும்வரை மூன்று முறை சொல்லித் தருவார்' என்ற வரிக்கு வந்ததும் அவரையறியாமல் சிரித்துவிட்டார். கடைசி வரி நிஷாவின் கையெழுத்து. 'விசாலமான விளையாட்டு மைதானம்' என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டு, 'பயனிலை தெரியவில்லை. தாளாளர் சார்தான் சொல்ல வேண்டும்' என்று முடித்திருந்தாள்.

அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். தாள் இங்கேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரம் ஓடியது. வேலைக்கே உலை வைத்துக்கொண்டோமோ என்று ஜான்சி பயந்தாள். எட்டாம் நாள் தமிழ் வகுப்பின் நடுவில் வேதாசலம் கதவருகே வந்து நின்றார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் சர்ச்சுக்குப் போய் ஃபாதரிடம் பேசியதாகச் சொன்னார். புதன்கிழமை நாலு மணிக்கு மேல் அவர்களுடைய மைதானத்தைப் பள்ளிக்குத் தர ஒப்புக்கொண்டார்களாம். சொல்லிவிட்டு சாக்பீஸை எடுத்து போர்டில் எழுதினார்: 'புதன்கிழமைகளில் எங்கள் மாணவர்கள் சர்ச் மைதானத்தில் விளையாடுகிறார்கள்.'

நிஷா கையைத் தூக்கினாள். "விளையாடுகிறார்கள் தப்பு சார். இன்னும் ஒருநாள்கூட விளையாடல. விளையாடுவார்கள்னு வரணும்."

வேதாசலம் போர்டைப் பார்த்தார், நிஷாவைப் பார்த்தார். டஸ்டரால் அழித்துவிட்டு, 'விளையாடுவார்கள்' என்று எழுதினார்.

"போதுமா?" என்று கேட்டார். போதும் சார் என்றாள் நிஷா.

முதல் புதன்கிழமை சர்ச்சின் காவல்காரர் சவுரிமுத்து கேட்டைத் திறந்துவிட்டு, பூச்செடிப் பக்கம் யாரும் போகக் கூடாது, ஆறு மணி ஆராதனைக்கு முன் கிளம்பிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். மைதானம் எல்லோரும் நினைத்ததைவிடச் சின்னது. கோ-கோ ஆடச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, யார் எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்று நிஷா ஒவ்வொருவராகப் பிடித்து உட்காரவைத்தாள். பரணிக்கு எந்தப் பக்கம் ஓடுவது என்று கடைசிவரை பிடிபடவில்லை. கூட வந்திருந்த பத்தாம் வகுப்பிடம் 'பி' பிரிவு தோற்றது.

வெளியே வரும்போது எல்லோர் முழங்காலிலும் மண். தோற்றதற்கு யார் காரணம், அடுத்த புதனுக்கு யாரை எங்கே உட்காரவைப்பது என்று ஏரிக்கரை வரைக்கும் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். ஜான்சி அவர்களுக்குப் பின்னால் நடந்தாள்.