பத்தாம் நம்பரும் பதின்மூன்றாம் நம்பரும்

என் கார் டீசலில் ஓடியது, ஆயிலைக் குடித்தது. நான் ஒரு தெருவைக் கடந்தால், பின்னால் வருகிறவர்கள் மத்தியானத்திலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு வருவார்கள். எங்கள் வாசலில் படுத்திருந்த வெள்ளைப் பூனை கறுப்பாகிப் போனதிலிருந்து அதன் சொந்தக்காரர் என்னோடு பேசுவதில்லை.

ஒருநாள் மாப்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது.

"மாமா, ஞாயித்துக்கிழமை அத்தையை அவங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. வந்ததும் ஆயில் அளவு காட்டற கம்பியை எஞ்சின்லேருந்து உருவிப் பார்ப்பேன். ஆயில் கோடு இறங்கியிருந்தா வண்டி இரும்புக் கடைக்கு. மாசம் ஒரு தடவை நானே உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

மாசம் ஒரு தடவை என்றதும் என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அதன் பிறகு பாத்திரங்கள்தான் பேசின. அவள் அக்கா படுக்கையோடு கிடப்பவள். ஞாயிறுதோறும் தங்கை வந்து தலை வாரிவிட்டால்தான் அவளுக்கு வாரம் பிறக்கும். தங்கைக்கோ முழங்கால் மடங்காது, பஸ் படி ஏற முடியாது.

கார் பட்டறையில் அண்ணன் தம்பி இருவரில் பெரியவன் டார்ச் அடித்துப் பார்த்தான். அவனுடைய அப்பாவும் நானும் கூட்டாளிகள். அதனால் அவனுக்கும் அவன் தம்பிக்கும் நான் சித்தப்பா.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு சித்தப்பா. மூச்சு விடற வால்வுல ரப்பர் கிழிஞ்சிருக்கு. அது வழியா ஆயிலை உறிஞ்சி எரிக்குது."

"மாத்திடேன்."

"எஞ்சினுக்குப் பின்னாடி, கண்ணுக்கே தெரியாத இடத்துல ஒளிஞ்சிருக்கு. மேல பத்தாம் நம்பர் போல்ட். கீழ பதிமூணு..."

அங்கே நிறுத்திக்கொண்டான். பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் தம்பியிடம் இருந்தது.

அப்பா போனதும் இருவரும் பட்டறையைப் பிரித்து நடுவில் சுவர் எழுப்பினார்கள். ஸ்பேனர் பெட்டியையும் பிரித்தார்கள். இரட்டைப்படை அண்ணனுக்கு, ஒற்றைப்படை தம்பிக்கு. இல்லாததைக் கடையில் வாங்கினால் தோற்றதாக ஆகிவிடுமாம். அதனால் போல்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியையே உள்ளே விட்டார்கள். பிரிக்க முடியாமல் போனது, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் நீளக் குழி மட்டும். சுவர் அதன் மேல் பாலம்போல நின்றது.

நான் சுவருக்கு அந்தப் பக்கம் போனேன்.

"அவர் கடை வாசலை மிதிக்க மாட்டேன் சித்தப்பா" என்றான் சின்னவன்.

"யாருடா மிதிக்கச் சொன்னா? உன் குழியில இறங்கு. இறங்கி நடந்துக்கிட்டே இரு. தலைக்கு மேல யார் கடைன்னு நீ ஏன் பார்க்கறே?"

யோசித்தான். பதின்மூன்றை எடுத்துக்கொண்டு இறங்கினான்.

மேலிருந்து அண்ணன் கை, கீழிருந்து தம்பி கை. பேச்சு மட்டும் என் வழியாக.

"லைட்டைத் திருப்பச் சொல்லுங்க சித்தப்பா."

"எந்தப் பக்கம்னு கேளுங்க சித்தப்பா."

இருவருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. குனிந்து ஒரு செய்தி, நிமிர்ந்து ஒரு செய்தி. அன்று வளைந்த என் இடுப்பு இன்னும் முழுசாக நேராகவில்லை.

பழைய வால்வு கழன்று வந்துவிட்டது. புதியதை அண்ணன் மேலிருந்து விட, தம்பி கீழே தாங்கிக்கொள்ள வேண்டும். பெரியவன் கண்ணை மூடிக்கொண்டு தடவினான். கையில் அகப்பட்டதை ரப்பர் குழாய் என்று நினைத்து, நன்றாக உட்காரட்டும் என்று ஒரு முறுக்கு முறுக்கினான்.

"அண்ணே! அது என் விரல்!"

சுவர் எழும்பிய பிறகு தம்பி நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"வலிக்குதான்னு கேளுங்க சித்தப்பா" என்றான் பெரியவன்.

"நீயே கேளு. எனக்கு இடுப்பு வலிக்குது."

பெரியவன் எஞ்சினுக்கு மேல் இன்னும் குனிந்தான்.

"வலிக்குதாடா?"

"பரவாயில்ல. கையை எடு... ஐயோ, எடுத்துடாதே, வால்வு விழுந்துடும்!"

அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்கள், தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே. சுவரை அவர்கள் இடிக்கவில்லை. ஒரே ஒரு செங்கல்லை உருவினார்கள். அடுத்த முறை நான் போனபோது பதினொன்று அந்தப் பக்கத்திலிருந்து வந்தது, டீ டம்ளர் இந்தப் பக்கத்திலிருந்து போனது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கோபித்துக்கொண்டாள். "ஏன்டி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறே? எப்பவும் புகை முதல்ல வரும், அப்புறம்தானே நீ வருவே!" தங்கை சிரித்துக்கொண்டே சிக்கெடுத்தாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை கம்பியை உருவி, துடைத்து, விட்டு, எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தார். காலையில் போகும்போது இருந்த இடத்திலேயே ஆயில் கோடு இருந்தது.

"நடுவழியில ஊத்தினீங்களா மாமா?"

"ஊத்தியிருந்தா அவர் சட்டை சொல்லுமே மாப்பிள்ளை" என்றாள் என் மனைவி.

மாப்பிள்ளை என் சட்டையை முன்னும் பின்னும் பார்த்தார். கம்பியை மறுபடி விட்டுப் பார்த்தார்.

"சரி. அடுத்த வாரமும் போயிட்டு வாங்க, பார்க்கலாம்."

வீட்டுக்குள் கொண்டுபோக எடுத்த, அக்காவுக்குத் தலை வாரும் சீப்பை என் மனைவி காரிலேயே திரும்ப வைத்தாள்.