ஸ்தோத்திரம் அவர் பங்கு

அந்த வீட்டில் கல்யாணமான புதிதிலேயே ஜெபத்துக்குப் பாகம் பிரித்தாகிவிட்டது. ஸ்தோத்திரம், அதாவது நன்றி சொல்வது, பிளம்பரான கணவரின் பங்கு. விண்ணப்பம் அவர் மனைவி தையற்காரியின் பங்கு. சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் தையல் மெஷின் பக்கத்தில் இருவரும் உட்காருவார்கள். அவர் முதலில் ஆரம்பிப்பார். அடைப்பு எடுபட்ட குழாய்க்கு நன்றி, ஏணி வழுக்காததற்கு நன்றி, எதிர்வீட்டு நாய் இன்று விரட்டாததற்கும் நன்றி.

"சீக்கிரம் முடிங்க. எனக்குக் கேக்கறதுக்கு மலையா கிடக்கு" என்று அவள் நெளிவாள்.

"இரும்மா. நான் அவரைக் கொஞ்சம் குளிரவெச்சாத்தான் உன் மனு செல்லும்" என்பார்.

இப்படியே வருஷங்கள் ஓடியதில், நன்றி சொல்வது தன் வேலையே இல்லை என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். வீட்டில் ஒருவர் சொன்னால் போதாதா?

பிறகு அவர் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள் டாக்டர்கள். எடுத்தார்கள். பிழைத்தார். இனி கழுத்தில் போட்ட துளை வழியாகத்தான் மூச்சு.

வீடு திரும்பிய அன்றும் அவர் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் கண்ணை மூடி, "ஆண்டவரே, இவர் குரலை..." என்று தொடங்கியதும் கையைப் பிடித்து நிறுத்தினார். தன் நெஞ்சைத் தொட்டு, மேலே காட்டி, பிறகு அவளைச் சுட்டினார். என் பங்கையும் நீயே சொல் என்கிறார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்குச் சொல்லணும்? வாய் ஓயாமப் புகழ்ந்தீங்களே, அந்த வாயைத்தானே அடைச்சாரு? மனசுல இல்லாததைச் சொன்னா அது பொய்ங்க."

அவர் வற்புறுத்தவில்லை, எழுந்து போகவுமில்லை. அவள் விண்ணப்பத்துக்கு வாயெடுத்தபோதெல்லாம் வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினார். சாப்பாடு ஆறிப்போனது. மறுநாளும் அதே கதை. அந்த வீட்டில் ஜெபமே நின்றுபோனது. பிடிவாதத்தில் இரண்டு பேருமே ஒருவருக்கொருவர் இளைத்தவர்களில்லை.

சட்டைக் காலர் துளையை உரசுகிறது என்று ஒரு சாயங்காலம் அவர் சைகையில் சொன்னார். அவள் காலரைப் பிரித்து, கழுத்தை இறக்கித் தைத்து, அவருக்குப் போட்டுப் பார்த்தாள். ஓரத்தைச் சரிசெய்யக் குனிந்தபோது விரல்களில் வெதுவெதுப்பாகக் காற்று பட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை. மறுபடி பட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இது நின்றுவிடுமோ என்று பதறிக் கிடந்ததெல்லாம் நெஞ்சுக்குள் திரண்டு வந்தது.

"ஆண்டவரே, இந்த மூச்சுக்கு ஸ்தோத்திரம்" என்றாள். "உம்ம மேல கோபம் இன்னும் போகல. அதையும் மறைக்கல. ஆனா மனுஷனை என்கிட்டத் திருப்பிக் குடுத்தீரே, அதுக்கு ஸ்தோத்திரம். இத்தனை வருஷம் இவர் பேசிக் கேட்டேனே, அதுக்கும் ஸ்தோத்திரம்."

அதற்குமேல் முடியாமல் அழுதாள். அவரும் அழுதார், சத்தமே இல்லாமல்.

அழுகை ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னைக்கு விண்ணப்பம் நீங்க பண்ணுங்க" என்றாள்.

அவர் கண்ணை மூடினார். உதடுகள் வெகுநேரம் அசைந்தன. என்ன கேட்டார், யாருக்காகக் கேட்டார் என்று அவளுக்குத் தெரியவில்லை. உதடுகள் நின்றதும், தெருவுக்கே கேட்கும்படி அவள் "ஆமென்" என்றாள்.