பசலைப் பழக் கறை

சித்திரை வெயில் ஆரணியில் பாலக்கையும் வெந்தயக்கீரையையும் தொட்டியிலேயே வதக்கிவிடும். தேவகி அவற்றோடு மல்லுக்கட்டுவதை எப்போதோ விட்டுவிட்டாள். அவள் மொட்டைமாடியில் இருப்பதெல்லாம் கொடிப்பசலை, தண்டுக்கீரை, புளிச்சக்கீரை என்று வெயிலைக் கண்டால் குஷியாகிற ரகங்கள். விடியலில் தண்ணீர், வேரடியில் கொஞ்சம் தேங்காய்நார், அவ்வளவுதான் கவனிப்பு. ஊரே வாடிக் கிடக்கையில் அவள் பசலை மட்டும் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்க்கும். தேவகிக்கு அதில் தலைக்கனம் உண்டு. கேட்டவர்களுக்கெல்லாம் கட்டுக் கட்டாகக் கொடுத்ததில் பாதி நல்ல மனசு, பாதி பெருமை.

அன்று காலை அவள் விதைக்காகப் பழுத்த பசலைப் பழங்களைக் கிண்ணத்தில் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுத்த பழம். நசுக்கினால் பீட்ரூட் தோற்றுப்போகும். கீழே, பக்கத்து வீட்டு ரங்கசாமி தெருவில் பாவு நீட்டியிருந்தான். முகூர்த்தப் புடவைக்கான சந்தன நிறப் பட்டு நூல். தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாகப் பிரித்துவிட வேண்டும். அந்த வேலைக்குப் பல வருடமாகக் கூலிக்கு வருகிறவள் காத்தாயி. வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும்.

"தேவகிக்கா, ஜல்தி வாங்க! கயிறு அவுந்துகிச்சு, ஒரு கை புடிங்க!" என்று ரங்கசாமி கீழேயிருந்து கத்தினான்.

தேவகி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடினாள். பாவின் ஓரத்தை இழுத்துப் பிடித்தாள். ரங்கசாமி கயிற்றைக் கட்டி முடித்ததும் மாடிக்குத் திரும்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தெருவில் ரங்கசாமியின் சத்தம் கேட்டது.

"யாரு இதுமேல துப்புனது?"

எட்டிப் பார்த்தாள். பாவின் ஓரத்தில், அவள் பிடித்திருந்த அதே இடத்தில், நாலு விரல் அகலத்துக்குச் சிவப்பு. தெருவே காத்தாயியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் துப்பலப்பா. சாக்கடையாண்ட போயிதான் துப்பிகினு வந்தேன்" என்றாள் காத்தாயி.

வெற்றிலைச் சாறு எந்த நிறம், இது எந்த நிறம் என்று பட்டு நெய்கிறவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஆளைப் பிடித்துவிட்ட பிறகு நிறத்தை யார் பார்க்கிறார்கள்!

தேவகி தன் விரல்களைப் பார்த்தாள். அதே சிவப்பு. பசலைச் சாறு ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் ஊற்றினால் போய்விடும். எத்தனை முந்தானையை அவள் அப்படி அலசியிருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாவும் பிழைக்கும், காத்தாயியும் பிழைப்பாள். அந்த ஒரு வார்த்தைதான் வாயை விட்டு வரவில்லை. அவன் கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு கையைக் கழுவினாள்.

கோபம் ஆறுவதற்குள் கறை காய்ந்துவிட்டது. ரங்கசாமி அந்தத் துண்டை வெட்டி எறிந்தான். அதனால் அந்தப் பாவில் ஒரு புடவை குறைந்துபோனது. காத்தாயியை இனி இந்தத் தெருப்பக்கமே வராதே என்று சொல்லிவிட்டான்.

அதன்பிறகு பசலை காடாக வளர்ந்தது. தேவகிக்கு அதில் கை வைக்க மனம் வரவில்லை. வேறொருத்தி பாவு வேலைக்கு வந்தாள். தேவகி அவளிடம் காத்தாயியைப் பற்றிக் கேட்டாள். "அந்தம்மாவ எந்தத் தெருவுலயும் கூப்புடறதில்லீங்க. பாவுல துப்புறவன்னு பேராயிடுச்சு. களம்பூர் மில்லுல நெல்லு வாரினு கெடக்குது" என்றாள். அன்று தேவகிக்குச் சோறு இறங்கவில்லை. தான் செய்த பாவத்துக்கு இன்னொருத்தி வெயிலில் வேகிறாள் என்ற நினைப்பு அவளைத் தின்றது. மறுநாள் பை நிறையக் கீரை பறித்துக்கொண்டு காத்தாயி வீட்டைத் தேடி பஸ் ஏறினாள்.

காத்தாயி தலையெல்லாம் உமியோடு அப்போதுதான் மில்லிலிருந்து வீடு திரும்பியிருந்தாள்.

"காத்தாயி, அன்னிக்கு அந்தக் கறை..." என்று இழுத்தாள் தேவகி.

"தெரியும்மா. பாவுக்கு அந்தாண்ட நின்னுகினு உங்க கையப் பாத்தேனே."

"அப்ப ஏன் சொல்லல?"

"எல்லாரும் என் வாயப் பாத்துகினு இருந்தாங்க. உங்க கையப் பாருங்கன்னா பாத்திருப்பாங்களா?"

காத்தாயி குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது தேவகிக்கு. கீரைப் பையை நீட்டினாள். காத்தாயி வாங்கவில்லை.

"என்கிட்ட சொல்லி இன்னா பண்றது? அங்க சொல்லிட்டு வாங்க. அப்புறம் வாங்கிக்கிறேன்."

கீரை திரும்பி வரும் பஸ்ஸிலேயே வாடிவிட்டது.

அடுத்த தடவை ரங்கசாமி பாவு நீட்டியபோது தேவகி தானாகவே இறங்கி வந்தாள். தெருவே கூடியிருந்தது. பாவை விட்டுத் தள்ளி நின்று, மூடியிருந்த கையைத் திறந்தாள். உள்ளே பசலைப் பழங்கள். எல்லாரும் பார்க்க நசுக்கினாள்.

"ரங்கசாமி, அன்னிக்கு அது வெத்தல இல்லப்பா. இந்தக் கைதான். காத்தாயி ஒண்ணும் பண்ணல."

ரங்கசாமி அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கஞ்சிக்கு வைத்திருந்த தண்ணீரை ஒரு சொம்பு மொண்டு அவள் கையில் ஊற்றினான். சிவப்பு ஓடித் தெருமண்ணில் இறங்கியது.

"இவ்ளோதானாக்கா?" என்றான். "இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாக்கா?"

அவன் சொம்பைக் கீழே வைத்தான்.

"அந்தம்மாவ நான் எந்த மூஞ்ச வெச்சுகினு போயி கூப்புடுவேன்?"

"நானும் வரேன்" என்றாள் தேவகி.

நீட்டிய கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கை சுத்தமாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.