உடம்பு சொல்லாதது

அண்ணன் லிப்ட் மெக்கானிக். நாற்பத்திரண்டு வயதிலும் நீச்சல் குளத்தில் இளவட்டங்களோடு மல்லுக்கு நிற்கிற ஆள். அங்கே அவனுக்குத் ‘தவளை’ என்று பெயர். தங்கை கல்லூரியில் முதலாண்டுக்கு விலங்கியல் நடத்துகிறவள். அண்ணன், அண்ணியோடு ஒரே வீட்டில் இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது வகுப்பில் நடந்த மூச்சடக்கும் சோதனையைப் பேச்சுவாக்கில் சொன்னாள். நாற்பது விநாடிகூடத் தாங்காத ஒரு மாணவி, வேகவேகமாகப் பலமுறை மூச்சை இழுத்து விட்டபிறகு அதைப்போல இரண்டு மடங்கு அடக்கிக் காட்டினாளாம்.

அண்ணன் எடுத்த கவளத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, அது எப்படி என்று கேட்டான். அவன் அவளிடம் பாடம் கேட்டதே அதுதான் முதல் தடவை. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மூச்சு முட்டுவது ஆக்ஸிஜன் குறைவதால் அல்ல, உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு சேர்வதால்தான். வேகமாக மூச்சு விட்டால் அது வெளியேறிவிடும், முட்டுகிற உணர்வும் தள்ளிப்போகும் என்று விளக்கினாள். அதற்குள் போன் வந்தது. எங்கோ ஒரு லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டதாம். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு ஓடினான். பாதிப் பாடம் அவள் வாயிலேயே நின்றுபோனது.

அடுத்த நாளிலிருந்து குளியலறைக்குள் துருத்தி ஊதுவதுபோல் சத்தம் கேட்டது. உங்க அண்ணனுக்கு வயசு திரும்புது என்று அண்ணி சிரித்தாள். வியாழக்கிழமை, உதடு மரத்துப்போய் விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிறது என்று அவன் பெருமையாகச் சொன்னதும் தங்கை காதில் விழுந்தது. மனதில் ஏதோ நெருடியது. ஆனால் திருத்தாத விடைத்தாள் மலையாகக் கிடந்தது; நெருடலை ஓரமாக ஒதுக்கினாள்.

சனிக்கிழமை பிற்பகல் வேறொரு பிரிவுக்கு அதே சோதனை. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான்.

“மேடம், ஆக்ஸிஜன் தீர்ந்துபோனா உடம்பு நமக்கு எப்பச் சொல்லும்?”

“சொல்லாது,” என்றாள். “இப்படிப் பண்ணா மூச்சு முட்டுறதுக்கு முன்னாடியே நினைவு போயிடும்.”

சொன்ன வார்த்தை அவள் காதிலேயே வேறு மாதிரி விழுந்தது. இன்னைக்குக் குளத்துல ரெண்டு நீளம் தண்ணிக்கடியிலேயே போயிட்டு வரேன் என்று காலையில் அண்ணன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கையில் சாக்பீஸ் இருப்பதுகூடத் தெரியாமல் படியிறங்கி ஓடினாள். குளம் இரண்டு தெரு தள்ளி.

கரையில் ஏழெட்டுப் பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டு நிமிஷம் தாண்டிருச்சுங்க. தவளை அண்ணன் அசையவே மாட்டேங்குறாரு,” என்றான். அவன் முகமெல்லாம் சிரிப்பு.

ஆழமான பக்கத்தில், அடித்தரையில் அண்ணன் குப்புறக் கிடந்தான். ஒரு நீர்க்குமிழிகூட மேலே வரவில்லை. வலது கை மட்டும் தண்ணீரின் போக்கில் ஆடிக்கொண்டிருந்தது.

“அவரு மூச்சடக்கல. தூக்குங்க,” என்று கத்தினாள்.

கைதட்டல் நின்றது. இரண்டு பேர் குதித்தார்கள். மேலே கொண்டுவந்தபோது உதடு கருநீலமாக இருந்தது. குளத்துக் காவலாளி நெஞ்சை அழுத்த, அவள் வாயோடு வாய் வைத்து ஊதினாள். எவ்வளவு நேரமோ. கடைசியில் நுரையும் தண்ணீருமாக ஒரு மூச்சு வந்தது.

இதயத்துக்கு ஒன்றுமில்லை, மூளை எப்படி இருக்கிறது என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி பெஞ்சில் அண்ணி அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“எந்தப் பாவி இவருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தானோ, அவன் நல்லா இருக்க மாட்டான்.”

சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

“நான்தான் அண்ணி.”

அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் அண்ணன் கண் திறந்தான். நாக்குக் குழறியது. ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா என்று தங்கை கேட்டாள்.

“கஷ்டமே இல்ல பாப்பா. சுகமா இருந்துச்சு,” என்றான்.

பன்னிரண்டு வருடமாக அதைப் பாடமாக நடத்துகிறவள், போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

அண்ணன் பிழைத்துக்கொண்டான். வலது கையில் பழைய பிடி வரவில்லை. கம்பெனியில் அவனைப் புகார் போன் எடுக்கும் மேஜையில் உட்காரவைத்தார்கள். அண்ணி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வேளாவேளைக்குத் தட்டு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், பேச்சு மட்டும் இல்லை. மாதக் கடைசியில் தங்கை கல்லூரிக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு கிளம்பினாள். யாரும் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.