பூசாத சுவர்

...அசையாமப் பிடிங்கண்ணே என்று டாக்டரம்மா சொன்னதும் லஸ்ஹர் தன் மூச்சையும் சேர்த்து அடக்கிக்கொண்டான், மானின் தலை அவன் மடியில் கிடந்தது, கண்களைத் தன் கழுத்துத் துண்டால் கட்டியிருந்தான், கண்ணைக் கட்டினால் மான் அடங்கும், ஆனால் இது கட்டுவதற்கு முன்பே அடங்கித்தான் கிடந்தது... போன வருசம் இதே பெட்டையைத் தடுப்பூசிக்குப் பிடிக்க நாலு ஆள் வேண்டியிருந்தது, அன்றைக்கு அவன் முழங்காலில் விட்ட உதை இன்னும் குளிர்காலத்தில் வலிக்கிறது, இப்போது ஒரு கை போதும், ஒரு கைகூட வேண்டாம். காதின் உட்புறம் கொதித்தது. ஜூலை வெயிலா, காய்ச்சலா? காய்ச்சல்தான், அவனுக்குத் தெரியாதா என்ன, இந்தச் சூட்டை இதே கை முன்னாலும் தொட்டிருக்கிறது... வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம், தலையைப் பிடிப்பது மட்டும்தான் வேலை, வேலையைப் பார்.

டாக்டர் நெஜ்லா மானின் உதட்டைப் புரட்டினாள், ஈறு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது, அவள் உச்சுக்கொட்டிவிட்டு மானின் பால்மடிப் பக்கம் குனிந்தாள், இடுக்கியால் ஒவ்வொரு உண்ணியாகப் பிடுங்கிப் புட்டிக்குள் போட்டாள், அவரைக்கொட்டை அளவுக்கு இரத்தம் குடித்து உப்பியவை, பழுப்புக் கால்கள் கண்ணாடியில் பிறாண்டின. லஸ்ஹர் புட்டியைப் பார்க்கவில்லை, தக்கை மரங்களைப் பார்த்தான், தக்கைக்காகப் பட்டை உரித்த அடிமரங்கள் சிவந்து நின்றன, தோலுரித்த உடம்புபோல... ஏன் இப்படியெல்லாம் தோன்றுகிறது? முப்பது வருசமாகப் பட்டை உரித்த கை, ஒரு நாளும் அப்படித் தோன்றியதில்லையே. போன வாரம் ஒரு மான் செத்தது, கிழடு என்றார்கள், அவனும் ஆமாம் கிழடுதான் என்றான், எவ்வளவு சீக்கிரம் சொன்னான், கேட்டவன் வாயை மூடுமுன்.

"இது காட்டு உண்ணி இல்லையே அண்ணே," என்றாள் நெஜ்லா, புட்டியை வெயிலுக்கு எதிரே பிடித்தபடி. "காட்டு உண்ணி செடியில இருந்து தொத்தும். இது மாட்டுத் தொழுவத்துச் சுவர்ல குடியிருக்கிற ஜாதி. மாடே வராத இந்த மான் காப்பு வேலிக்குள்ள எப்படி வந்துச்சு?" அவன் பதில் சொல்வதற்குள், ஜீப்பில் சாய்ந்திருந்த தலைமை வனக்காவலர் தாஹர் சொன்னார், "எப்படி வரும்? கீழ ஓடைக்கரை ஹம்மாதி மாடு வேலியப் பிச்சுக்கிட்டு வந்திருக்கும். அவன் மாடும் அவன மாதிரிதான், கூப்பிடாத கல்யாணத்துக்கு முதப் பந்தியில உக்காரும். இன்னைக்கே எழுதிப் போடறேன் புகார, ரெண்டு மாட்டப் பிடிச்சுக் கட்டினா புத்தி வரும்." நெஜ்லா சிரிக்கவில்லை. "புகார் உங்க பாடு. எனக்கு லாரி நாளைக்கு வருது, அதுல இங்கிருந்து ஆறு மான் கிழக்குக் காட்டுக்குப் போகணும். ஒரு தடவை வந்து போன மாடுன்னா, ஆறுக்கும் மருந்தடிச்சு அனுப்பிடலாம். உண்ணி இங்கயே குடியிருந்தா ஒண்ணுகூட நகரக் கூடாது, போற இடத்து மான் எல்லாம் சேர்ந்து சாகும். இரத்த முடிவு வர நாலு நாளாகும், லாரி நிக்காது. நீங்க தினமும் வேலியச் சுத்துறவர், மாடு வந்துச்சா அண்ணே?"

வந்திருக்கலாம் என்றான் லஸ்ஹர். வந்திருக்கலாம்... யார் சொன்னது அதை, அவன் வாயா? ஹம்மாதியின் மாடு இந்த வருசம் வேலிப் பக்கம்கூட வரவில்லை, கீழே ஓடையிலேயே புல் இருந்தது, அது அவனுக்குத் தெரியும், தாஹருக்கும் தெரிந்திருக்கலாம். ஜனவரியில் லஸ்ஹரின் பசு செத்தபோது உறைந்த மண்ணில் குழி வெட்ட வந்தவன் அதே ஹம்மாதிதான், கூப்பிடாமல்தான் வந்தான், மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு. அந்தப் பசுவுக்கும் அதற்கு முந்தின கோடையில் இதே காய்ச்சல், இதே வெள்ளை ஈறு, கண்ணில் மஞ்சள், பிழைத்தது என்றுதான் நினைத்தார்கள், இலையுதிர்காலம் முழுக்க எலும்பும் தோலுமாகத் தொழுவத்திலேயே நின்றது, நின்றபடி எத்தனை உண்ணிக் குஞ்சுகளுக்குத் தன் இரத்தத்தைக் கொடுத்ததோ, அவையெல்லாம் வயிறு நிரம்பிச் சுவர் இடுக்கில் போய்ப் படுத்தன, கோடை வரட்டும் என்று.

பிறகு மார்ச். மானுக்கு மத்தியான நிழல் வேணும், மேட்டுல ஒரு சுவர் எழுப்பிக் கூரை போடு என்றார் தாஹர், கல்லை ஓடையிலிருந்து கொண்டுவரச் சொன்னார், ஓடை எங்கே, மேடு எங்கே... நோன்பு மாதம், நாவு வறண்டு அண்ணத்தில் ஒட்டும், கோவேறு கழுதைக்கும் கால் நொண்டல். வேலியை ஒட்டி அவனுடைய தொழுவம் காலியாக நின்றது, மாடு இல்லாத தொழுவம் எதற்கு, நாலே நாளில் அதன் கல்லைப் பிரித்துக் கொண்டுவந்து மேட்டில் அடுக்கிவிட்டான், காய்ந்த மண்ணோடு, பொந்தோடு, அப்படியே. இந்த மலையில் தொழுவம் வைத்திருக்கிற எவனும் வசந்தத்தில் சுவரைப் பூசாமல் விடமாட்டான், எறும்பு நுழையக்கூட இடுக்கு இருக்கக் கூடாது, அவன் பெண்டாட்டி ஸொஹ்ரா விரல் நுனியால் தடவித் தடவிப் பார்ப்பாள், இங்க ஒரு ஓட்டை, கண்ணு போச்சா உனக்கு என்பாள். மான் சுவருக்கும் சிமெண்டு வந்தது, ஒரு நாள் வேலைதான் பாக்கி, ஒரே நாள்... நோன்பு துறக்கிற நேரம் பூசியாச்சா என்று அவள் கேட்டதற்கு, மான் என்ன கேக்கவா போகுது என்றான், சூப்பை உறிஞ்சிக்கொண்டே. மூட்டை பனியில் நனைந்து கல்லாகி இன்றும் கிடக்கிறது. தெரியாமல் செய்ததா அது? களைப்பு. களைப்பு என்றால் போதுமா? மானின் கழுத்து நரம்பு அவன் கட்டைவிரலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது, ரொம்ப வேகமாக, எங்கோ அவசரமாகப் போகிறதுபோல.

இன்று சாயங்காலமே சுவரை இடித்துவிடலாம், விறகு அடுக்கிக் கொளுத்திவிடலாம், யாருக்கும் தெரியாது... ஆனால் லாரி? நாளைக்கு ஆறு மானும் ஏறும், கிழக்குக் காட்டில் இறங்கும். சொன்னால்? தினக்கூலிக்காரனை அனுப்ப ஒரு தலையசைப்பு போதும், அறுபதை நெருங்கும் வயதில் யார் கூப்பிடுவார்கள், ஸொஹ்ராவிடம் என்ன சொல்வான்... சொல்லாவிட்டால் ஹம்மாதியின் இரண்டு மாடு. தாஹர் ஏற்கெனவே காகிதத்தை ஜீப்பின் மேல் விரித்துவிட்டார்.

நெஜ்லா ஊசியை உருவிப் பஞ்சை அழுத்தினாள், முழங்கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "முடிஞ்சுது. இத நிழல்ல கொண்டுபோய் விடுங்கண்ணே. நீங்க கட்டின சுவர்தான் இதுங்களுக்குத் தாய்மடி, மத்தியானம் பூரா எல்லாம் அங்கதான் ஒட்டிக்கிட்டுக் கிடக்குதுங்க."

"அங்க வேணாம்," என்றான் லஸ்ஹர்.

"ஏன்?"

தாஹரின் பேனா நின்றது. லஸ்ஹர் துண்டை அவிழ்த்தான், மானின் கண் திறந்து அவனைப் பார்த்தது, அல்லது எதையும் பார்க்கவில்லை, முன்கால் மடிந்து, ஊன்றி, மறுபடி மடிந்து எழுந்தது, யாரும் ஓட்டாமலே மேட்டில் ஏறியது, சுவரோரம் போய்க் குளிர்ந்த கல்லில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டது. ஏன் அண்ணே என்று டாக்டரம்மா மறுபடி கேட்டாள், குரல் மாறியிருந்தது. இந்த வேலிக்குள் வேறு நல்ல நிழலே கிடையாது, இருந்தும் ஏப்ரல், மே, ஜூன், இந்த ஜூலை... தினமும் ரொட்டியைப் பிரித்துவைத்துத் தின்ன அவன் எங்கே உட்கார்ந்தான்? தக்கை மரத்தடியில், பாதி முதுகு வெயிலில் வேக. அந்தச் சுவரோரம் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. ஏன் என்று இதுவரை அவன் தன்னைக் கேட்டதுமில்லை, இப்போது அவள் கேட்கிறாள்...