நானூற்றுப் பன்னிரண்டாம் நாள்

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. தினமும் காலையில் வந்ததும் அத்தான் அதில் ஓர் எண்ணை அழித்து அடுத்ததை எழுதுவார். அன்று 412. அத்தனை நாளாக லினக்ஸ் கணினி அணையாமல் ஓடுகிறதாம். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறாரோ இல்லையோ, இந்தச் செய்தியைக் கொடுத்துவிடுவார். பவர் பொத்தானின் மேல் டேப் ஒட்டி, ‘தொட்டால் தொலைந்தீர்கள்’ என்றும் எழுதியிருந்தார்.

அவருடைய மச்சினிக்கு அன்று இதையெல்லாம் ரசிக்க நேரமில்லை. அவள் முதன்முறையாகத் தனியாக நடத்தும் பதிவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதை வாசிக்க வந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். நான்கு மணிக்கு அவருக்கு ரயில். இன்று முடிந்தால் மீதி ஒன்பது கதைகளும் இவளுக்கு. முடியாவிட்டால் வேறு கூடம். மைக்கின் குரலைக் கணினிக்குள் அனுப்பும் பழைய ஒலிப்பெட்டி முந்தின நாளே புகைந்துபோனது. புதியதைச் செருகியாயிற்று, விளக்குதான் எரியவில்லை.

“புதுப் பெட்டியை ஓட்டுற டிரைவர் சாஃப்ட்வேர் போட்டீங்களா அத்தான்?”

“நல்லா கேட்டே! வாராவாரம் அப்டேட் பண்றவன்மா நான். சிஸ்டத்துக்கு உயிரே கெர்னல்தான்; அது லேட்டஸ்ட், அதுக்கு ஏத்த டிரைவரும் லேட்டஸ்ட். ‘வெற்றி’ன்னு மெஷினே சொல்லிடுச்சு.”

வெற்றியை மூன்று முறை நீக்கி மூன்று முறை போட்டார். பிறகு கேபிளைத் திட்டினார். பெட்டி செய்தவர்களைத் திட்டினார். கடைசியில் அந்த அம்மாளின் செல்போனைச் சந்தேகமாகப் பார்த்தார்.

மணி இரண்டரை. மச்சினி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இப்போது ஓடுகிற கெர்னல் எது என்று கணினியையே கேட்டாள்.

“அத்தான், டிரைவர் போட்டது புது கெர்னலுக்கு. ஓடுறது பழசு.”

“அதெப்படி? புதுசை நான்தானே போட்டேன்!”

“போட்டீங்க. அது டிஸ்க்ல படுத்துத் தூங்குது. ரீஸ்டார்ட் பண்ணாத்தானே எழுந்து வேலைக்கு வரும்? நானூத்திப் பன்னெண்டு நாளா நீங்க போட்ட எல்லா கெர்னலும் அங்கதான் தூங்குது.”

அத்தான் பவர் பொத்தானை மறைத்தபடி நின்றார். “அப்போ பழசுக்கே ஒரு டிரைவர் போட்டுடேன்...”

“இந்தப் பெட்டிக்குப் பழசுல டிரைவரே கிடையாது.”

கதவருகே நின்ற அவள் அக்கா, அத்தானின் மனைவி, சிரித்துவிட்டாள். “உங்க அத்தானே அப்படித்தான்டி. மாசாமாசம் புதுசா உடற்பயிற்சி புத்தகம் வாங்குவாரு. ஓடுறது என்னவோ பழைய தொப்பைதான்.”

அத்தான் பலகையைப் பார்த்தார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அம்மாளைப் பார்த்தார். பிறகு, சொந்தக் கையாலேயே டேப்பைப் பிய்த்தார்.

“நீயே அமுக்கும்மா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்.”

இரண்டே நிமிடம். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மூன்றரைக்குக் கதை முடிந்தது. அம்மாள் அடுத்த ஒன்பதுக்கும் தேதி குறித்துக்கொண்டே ரயிலுக்கு ஓடினார்.

மறுநாள் பலகையில் எண்ணைக் காணோம். ‘வாரம் ஒரு ரீஸ்டார்ட்: தவறியதே இல்லை’ என்று இருந்தது. வந்திருந்த ஒருவரிடம் அத்தான் உதட்டைப் பிதுக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்:

“சில பேர் வருஷக்கணக்கா அணைக்காமலே வச்சிருப்பாங்க சார். விவரம் பத்தாது.”