உங்கட வீட்டிலதானே இருக்கப்போகுது

நெய்னார் தன் படகு எஞ்சினுக்குச் செய்யும் பணிவிடையை ஒருநாளும் தனக்குச் செய்ததில்லை என்று சபூரா சொல்லிக்காட்டாத நாளில்லை. கடலால் வந்ததும் மனுசன் தேத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார். எஞ்சினைத் தோளில் சுமந்துவந்து, முற்றத்துப் பீப்பாவுக்குள் இறக்கி, நல்ல தண்ணீரில் கொஞ்சநேரம் ஓடவிட்டு, உப்பெல்லாம் கழுவுப்பட்ட பிறகு பழைய சாரத் துண்டால் துடைப்பார். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு குறிஞ்சிப்பிட்டிக்கு வந்து, பத்து வருசம் மற்றவர்களின் படகில் கூலிக்குப் போய், அதன் பிறகு தனக்கென்று வாங்கிய முதல் சாமான் ஒரு எஞ்சின்தான். இப்போது இருப்பது அதற்குப் பிறகு வாங்கியது. ஆனாலும் பாசம் அதே பாசம்.

அன்றைக்கும் அவர் துடைத்துக்கொண்டிருந்தபோது சபூராவின் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. மூத்த மகள் றிஷ்னாவுக்குப் பேசிவைத்திருக்கும் மாப்பிள்ளையின் தாய் ஹவ்வா உம்மா புத்தளத்திலிருந்து அனுப்பியிருந்தார்.

“தங்கச்சி, சீதனம் எண்டு நாங்க ஒரு சதமும் கேக்கமாட்டம். அது ஹராம். எங்கட நானாவே பள்ளிவாசல்ல எழும்பி நிண்டு அதுக்கு எதிராக் கதைக்கிற ஆள். மகன் அஸ்ஜத்துக்கு ஒரு சின்ன ஆசை, அவ்வளவுதான். கேம் விளையாடுற கம்பியூட்டர் ஒண்டு. அதையும் நாங்க இஞ்ச தூக்கிக்கொண்டு வரப்போறல்ல. அவன் உங்கட வீட்டுக்கு வரப்போற புள்ள. உங்கட வீட்டிலதானே இருக்கப்போகுது.”

அந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் பெண் வீட்டார் வாங்கி வைக்கும் கட்டிலும் அலுமாரியும் பிரிட்ஜும் சீதனக் கணக்கில் சேராதாம். இந்தக் கணக்கை முதலில் கண்டுபிடித்தவர் யாரோ, சரியான கெட்டிக்காரர்.

அஸ்ஜத்தைக் குறை சொல்லவும் முடியாது. காப்புறுதி அலுவலகமொன்றில் வேலை. சிகரெட் இல்லை, வெற்றிலை இல்லை. வேலை முடிந்தால் ஒன்லைனில் கூட்டாளிமாரோடு சேர்ந்து ஒரு போர் விளையாட்டு விளையாடுவான். அவனுடைய பழைய கம்பியூட்டரில் அந்த விளையாட்டு விக்கி விக்கித்தான் ஓடியது. எதிரி சுடுவது திரையில் தெரியும்போது இவன் செத்து முடிந்திருப்பான். அவனுக்கு வேறு கவலை எதுவும் கிடையாது.

“கம்பியூட்டர்தானே. பாலர் பள்ளிக்கு வேலைக்குப் போற என்ட மகளுக்கும் உதவும்” என்று நெய்னார் மனதைத் தேற்றிக்கொண்டார். அடுத்தநாளே றிஷ்னாவையும் கூட்டிக்கொண்டு புத்தளத்துக்கு பஸ் ஏறினார்.

கம்பியூட்டர் கடைக்காரன் றொகான் விளையாட்டின் பெயரைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கினான்.

“சரியான பாரமான கேம் அங்கிள். இதுக்கு சாதாரண மெசின் காணாது. படத்தைக் கீறுறது கிராபிக்ஸ் கார்டு. அதுதான் இதுக்கு உயிர். மற்றச் சாமானெல்லாம் அதுக்கு ஏத்தமாதிரித்தான் போடோணும்.”

“அளவா விளையாடினா எது காணும்?” என்று றிஷ்னா கேட்டாள்.

றொகான் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு நடுத்தரக் கார்டை எடுத்துக் காட்டினான். “இதே வடிவா ஓட்டும் தங்கச்சி. உள்ளதைச் சொல்லிப்போட்டன்.”

நெய்னாரின் முகம் தெளிந்தது. றிஷ்னா அதைப் படம் எடுத்து அஸ்ஜத்துக்கு அனுப்பினாள். அவர்கள் கடைக் கதிரையை விட்டு எழும்புவதற்குள் பதில் வந்துவிட்டது.

“அது காணாது றிஷ்னா. என்ட டீம்ல எல்லாரும் மேல் கார்டு வச்சிருக்காங்க. வாங்கினா ஒரேயடியா நல்லதா வாங்குவம். அடிக்கடி வாங்குற சாமானா?”

வாங்குவம் என்று எவ்வளவு இலகுவாகச் சொல்லிவிட்டான்!

றொகான் மேல் கார்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். செங்கல் அளவு இருந்தது. அதற்குக் கரண்ட் கொடுக்க இந்தச் சின்னப் பவர் சப்ளை காணாதாம், பெரியது வேண்டுமாம். கார்டு நீளமாம், ஆகவே பெட்டியும் பெரிதாக வேண்டுமாம். சூடு கூடுமாம், ஆகவே காத்தாடியும் கூடவாம். இவ்வளவும் போட்டுவிட்டுப் பழைய மொனிட்டரை வைத்தால் கார்டு வாங்கியதில் அர்த்தமே இல்லையாம். படம் கண்ணிமைக்குமுன் மாறுகிற மொனிட்டர் வேண்டுமாம்.

“எஞ்சினைப் பெரிசாக்கினா போட்டையும் பெரிசாக்கத்தானே வேணும்” என்று நெய்னார் முணுமுணுத்தார்.

“இன்னொண்டு அங்கிள். உங்கட பக்கம் இன்டர்நெட்டுக்கு பைபர் லைன் வந்திட்டா?”

“இல்ல தம்பி. போன் சிக்னலே காத்தடிச்சாப் போயிடும்.”

“அப்ப இந்தக் கடையையே தூக்கிக் குடுத்தாலும் கேம் இழுக்கத்தான் செய்யும். ஒன்லைன் கேமுக்கு லைன் முக்கியம்.”

இதையும் றிஷ்னா ஒளிக்காமல் அஸ்ஜத்துக்குச் சொன்னாள். ஆசை கொஞ்சம் அடங்கும் என்று எண்ணினாள், பாவம். பின்னேரம் ஹவ்வா உம்மாவே சபூராவோடு போனில் பேசினார். “அதுக்கென்ன தங்கச்சி, லைன் இருக்கிற இடமாப் பார்த்து டவுன்ல ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடுங்களேன். உங்கட மகள்தானே சந்தோசமா இருக்கப்போறா.”

அந்த ராத்திரி நெய்னார் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பினார். விடிந்ததும் மாம்புரியிலுள்ள ஒரு ஆளுக்குப் போன் எடுத்தார். எஞ்சினை விற்கப்போவதாகவும் ஞாயிறு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து தூக்கும்படியும் சொன்னார். சபூரா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடல் அடங்கி, மீன் பருவம் தொடங்க நாள் நெருங்கியிருந்தது.

“எஞ்சின் இல்லாம என்னெண்டு தொழிலுக்குப் போற?”

“முந்திப் போன மாதிரித்தான். ஆரட போட்டிலயாவது கூலிக்கு ஏறுவன். மகள்ட காதில போட்டுடாத.”

சின்ன வீட்டில் எதைத்தான் மறைக்கலாம்? எஞ்சினைச் சாக்கால் சுற்றி அவர் கயிறு கட்டும்போது றிஷ்னா வந்து முன்னால் நின்றாள்.

“வாப்பா, இந்தக் கலியாணம் வேணாம் எண்டு நான் சொல்லட்டா?”

“வாய மூடு!” நெய்னார் அவளை அப்படி அதட்டியது அதுதான் முதல்தடவை. “பேசி வச்சது முறிஞ்சா ஊர் என்ன கதைக்கும்? உனக்குப் பின்னால தங்கச்சி ஒருத்தி இருக்காள். கேட்டத நான் எப்பிடியும் குடுப்பன்.”

கோபத்தில் இழுத்த முடிச்சு சரியாக விழவில்லை. றிஷ்னா குனிந்து கயிற்றின் மற்ற முனையைப் பிடித்துக் கொடுத்தாள். மனம் கொதித்தது. வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. வாப்பா மறுபடி இன்னொருவன் படகில் கூலியாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு கலியாணச் சேலை உடுக்கவும் அவளால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாள் குறிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அஸ்ஜத், ஹவ்வா உம்மா, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் அவருடைய அண்ணனான அந்த நானா. முன்கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். றிஷ்னா வழக்கப்படி அறை வாசல் திரைக்குப் பின்னால் நின்றாள். வட்டிலப்பமும் தேத்தண்ணியும் முடிந்தன. நெய்னாரின் கண் மட்டும் அடிக்கடி ரோட்டுப் பக்கம் போய் வந்தது. மாம்புரி ஆள் இவர்கள் போகுமுன் வந்துவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் துடித்துக்கொண்டிருந்தார்.

“நாள் சரி. மஹர் விசயத்தையும் முடிச்சிடுவம்” என்றார் அஸ்ஜத்தின் மாமா. “வழக்கமாப் போடுற மாதிரி பேருக்கு ஒரு தொகையப் போட்டா சரிதானே நெய்னார்?”

நெய்னார் தலையாட்டப் போனார்.

“மாமா, அத என்னட்டத்தானே கேக்கணும்?”

திரைக்குப் பின்னாலிருந்து வந்த றிஷ்னாவின் குரலுக்கு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மணமகன் மணமகளுக்குக் கொடுக்க வேண்டியது மஹர். என்ன வேண்டும் என்று சொல்வது அவளுடைய உரிமை. பள்ளியில் இதை எத்தனையோ தரம் சொன்ன மனிதர், இப்போது இல்லை என்று சொல்ல முடியுமா? வகையாக மாட்டிக்கொண்டார்.

“ஓம் மகள்” என்றார் மெதுவாக. “அது உங்கட உரிமைதான். சொல்லுங்க.”

றிஷ்னா திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஆனால் குரல் தடுமாறவில்லை.

“எனக்கு மஹரா ஒரு கம்பியூட்டர் வேணும். பாரமான கேம் ஓட்டுற மேல் கார்டு போட்டது. அதுக்கு ஏத்த பவர் சப்ளை, பெரிய பெட்டி, வேகமான மொனிட்டர். லைன் இருக்கிற இடத்தில வாடகைக்கு ஒரு வீடும்.”

அஸ்ஜத் பகிடி என்று நினைத்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவள் கேட்பதெல்லாம் தானும் உம்மாவும் கேட்டவைதான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

ஹவ்வா உம்மா கொதித்தெழுந்தார். “என்ன கதை இது? பொம்புளப் புள்ளக்கு இவ்வளவு பேராசையா? இத்தின சாமானையும் என்ட மகன் எங்கால வாங்குற? ஓடித் திரியிற மோட்டார் சைக்கிளையும் விக்கச் சொல்றியா?”

“ஏன் மாமி கோவிக்கிறீங்க? உங்கட மகன் அத எங்கேயும் குடுக்கப்போறல்லயே. அவர் வந்து இருக்கப்போற வீட்டிலதானே இருக்கப்போகுது. நான் கேட்டாப் பேராசை, அவர் கேட்டாச் சின்ன ஆசையா?”

ஹவ்வா உம்மா மறுபடி கதிரையில் இருந்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் லொறி ஹோர்ன் அடித்தது. நெய்னார் எழும்புவதற்குள் மாம்புரி ஆள் இறங்கி நேரே முற்றத்துக்கு வந்து, சாக்குக் கட்டைத் தட்டிப் பார்த்து, “நெய்னார் காக்கா, தூக்கட்டா?” என்று கத்தினான்.

“அது என்ன?” என்று அஸ்ஜத் கேட்டான்.

றிஷ்னாதான் சொன்னாள். “அதுதான் உங்கட கார்டு. வாப்பாட போட் எஞ்சின். சாக்குக்குள்ள கட்டி வச்சிருக்கு.”

அஸ்ஜத் வாசலுக்கு வந்து பார்த்தான். சாக்கின் கிழிசலுக்குள்ளால், துடைத்துத் துடைத்துப் பளபளத்த இரும்பு தெரிந்தது. எந்தக் கார்டு, எந்த மொனிட்டர் என்று இரவிரவாகத் தேடிப் பார்த்தவன், இதை எப்படி வாங்குவார்கள் என்று ஒருதரம்கூட யோசிக்கவில்லை. வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

“மாமா, விக்காதீங்க” என்றான். “எனக்கு வேணுமெண்டா நான் உழைச்சு வாங்குறன். இல்லாட்டி விக்கி விக்கியே விளையாடுறன்.”

மாம்புரி ஆள் ஒன்றும் விளங்காமல் முழித்தான். எல்லோரும் நெய்னாரைப் பார்த்தார்கள். அவர் மகளைப் பார்த்தார். அதட்டி வாய் மூடச் சொன்ன மகள், தனக்காகச் சபையில் வாய் திறந்து நிற்கிறாள். அவருக்குக் கண் கலங்கியது. செருப்பும் போடாமல் முற்றத்தில் இறங்கினார்.

“மன்னிச்சுக்கொள்ளு தம்பி. எஞ்சின் விக்கிறதுக்கில்ல. பருவம் தொடங்கப்போகுது” என்று சொல்லி, கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அஸ்ஜத் கால்சட்டையில் எண்ணெய் படுவதைக்கூடப் பார்க்காமல் எஞ்சினின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். இருவருமாக அதைத் தூக்கிக் கொட்டிலுக்குள் பழைய இடத்தில் வைத்தார்கள்.

லொறி போனதும் ஹவ்வா உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டார். “அப்ப மஹர்? கலியாண நாள்?”

“கம்பியூட்டர் எனக்கு வேணாம் மாமி. என்ன வேணும் எண்டு யோசிச்சு நானே சொல்றன். அதுக்குப் பொறகு நாளைப் பார்ப்பம்” என்றாள் றிஷ்னா.

“நாள் வைக்கப் போய் நாள் வைக்காம வாறம். ஊருக்கு நாங்க என்னத்தச் சொல்ற?” ஹவ்வா உம்மா தன் நானாவைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெய்னார் கையிலிருந்த எண்ணெயைச் சாரத் துண்டில் துடைத்தபடி படியேறி வந்தார்.

“உள்ளதச் சொல்லுங்க ராத்தா. ஆசை எண்டு கேட்டாலும், அன்பளிப்பு எண்டு கேட்டாலும், உங்கட வீட்டிலதானே இருக்கப்போகுது எண்டு கேட்டாலும், பொம்புளப் புள்ளயப் பெத்தவன்ட பொழப்ப விக்க வைக்கிறதெல்லாம் சீதனம்தான். கேட்ட உங்களில மட்டும் பிழையில்ல. ஊருக்குப் பயந்து, என்ட புள்ளட வாயையும் மூடிக் குடுக்க வெளிக்கிட்டன் பாருங்க, அதுதான் பெரிய பிழை. குடுக்கிறவன் வாய் திறக்காம இருக்குமட்டும் கேக்கிறவன் கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.”